பழைய மைதானத்தைப் புதுப்பிப்பதா, இடித்துக் கட்டுவதா, இடம் மாறுவதா?

முன்னால் தூண் மறைக்கிறது. இடைவேளையில் கழிப்பறை வரிசையில் நின்றவர் திரும்பி வருவதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிடுகிறது. சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்காண்டு நீள்கிறது. ஒருநாள் கால்பந்து கிளப்பின் நிர்வாகம் கூட்டம் போட்டு, வண்ண வண்ணப் படங்களைத் திரையில் காட்டி, ஆதரவாளர்களின் கருத்தைக் கேட்கிறது. எதற்குக் கை தூக்குவது?

பார்சிலோனா கிளப்பின் உறுப்பினர்கள் 2014இல் இப்படித்தான் வாக்களித்தார்கள். தங்கள் மைதானமான கேம்ப் நூவைப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு 72 சதவீதம் பேர் ஆதரவு தெரிவித்தனர். முக்கிய வேலை தொடங்கியதோ 2023 ஜூனில்.

படத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் இருக்கை எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். அதைக் கடைசியாகப் பாருங்கள். மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, கட்டி முடியும்வரை அணி எங்கே ஆடும் என்ற இரண்டுக்கும் விடை கிடைத்தால், பாதி வழிகள் தாமாகவே கழன்றுவிடும்.

இருப்பவை நான்கு வழிகள்: கேலரி கேலரியாகப் புதுப்பிப்பது, அதே இடத்தில் இடித்துக் கட்டுவது, புது இடத்தில் சொந்தமாகக் கட்டுவது, வேறு காரியத்துக்காகக் கட்டிய அரங்கில் வாடகைக்குக் குடியேறுவது.

## எதை வைத்து எடைபோடுவது?

### சுவருக்கு அந்தப் பக்கம்

ஐரோப்பாவின் பழைய மைதானங்கள் பல, வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவில் எழுந்தவை. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் (1910) மற்ற மூன்று பக்கமும் உயர்ந்துவிட்டன. தெற்குப் பக்கம் மட்டும் ஒற்றை அடுக்கோடு நின்றுபோனதற்குக் காரணம் பின்னால் ஓடும் ரயில் பாதை. எவர்டனின் குடிசன் பார்க்கில் ஒரு மூலையில் தேவாலயமே நிற்கிறது.

கேலரியை உயர்த்தினால் பின்பக்க வீடுகளுக்கு வெளிச்சம் குறையும். அது சட்டச் சிக்கல். அதைவிடப் பெரியது படிக்கட்டுச் சிக்கல். பிரிட்டனின் மைதானப் பாதுகாப்புக் கையேட்டை எல்லோரும் 'கிரீன் கைடு' என்பார்கள். அதன் கணக்குப்படி ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர்கள் 8 நிமிடத்துக்குள் கேலரியை விட்டு வெளியேற வேண்டும். படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம். 8,500 பேர் உட்காரும் மேலடுக்கைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். 66-ஐ 8-ஆல் பெருக்கினால் 528. 8,500-ஐ 528-ஆல் வகுத்தால் 16. அதாவது மொத்தம் 16 மீட்டர் அகலத்துக்குப் படிக்கட்டு வேண்டும். அதில் இறங்குகிற கூட்டம் நிற்கக் கீழே திறந்தவெளியும் வேண்டும். குறுகிய தெருவில் அந்தக் கூட்டத்தை இறக்கிவிட முடியாது. மேலே இருக்கை போட இடம் இருந்தும் அனுமதி கிடைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

பாரம்பரியச் சின்னமா என்பதையும் பாருங்கள். ஃபுல்ஹாமின் கிராவன் காட்டேஜில் 1905இல் கட்டிய கேலரி பாதுகாக்கப்பட்ட கட்டடம். அதை நினைத்தபடி மாற்ற முடியாது. மிலான் நகரின் சான் சீரோ மைதானம் விஷயத்தில் இது கடிகாரத்தோடு நடந்த ஓட்டமாகவே ஆனது. அதன் இரண்டாவது அடுக்கு 1955இல் வந்தது. இத்தாலியில் பொதுச் சொத்தான கட்டடம் 70 வயதைத் தாண்டினால் இடிப்பதற்குத் தடை வரலாம். அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்த நிலையில், 2025 செப்டம்பரில் நகர மன்றம் அதை இன்டர், மிலான் கிளப்புகளுக்கு விற்க ஒப்புதல் கொடுத்தது.

### பார்வைக்கோடு

படம் வரைபவர்கள் சொல்லாமல் விடுவது இது. பின்வரிசைக்காரரின் பார்வை, முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு எவ்வளவு மேலே போகிறது என்பதற்கு 'சி-மதிப்பு' என்று பெயர். 120 மில்லிமீட்டர் என்றால் மிக நன்று, 90 நன்று, 60 குறைந்தபட்சம். அதற்கும் கீழே போனால் முன்னவரின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கணக்கு எளிது. முன்னவரின் கண்ணுக்கும் பக்கக்கோட்டுக்கும் உள்ள கிடைத்தூரத்தை, அவர் கண்ணின் உயரம் + படி உயரம் என்ற தொகையால் பெருக்குங்கள். கிடைத்தூரம் + படி அகலம் என்ற தொகையால் வகுங்கள். வருவதிலிருந்து கண்ணின் உயரத்தைக் கழியுங்கள்.

கண் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், கோட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருக்கட்டும். படி அகலம் 80 செ.மீ., உயரம் 30 செ.மீ. சி-மதிப்பு 91 மி.மீ. வருகிறது, நல்ல இருக்கை. இப்போது யாரோ "ரசிகர்களை ஆடுகளத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருவோம்" என்று அதே படிகளை 3 மீட்டர் முன்னே தள்ளுகிறார். 8 இருந்த இடத்தில் 5-ஐப் போட்டுப் பாருங்கள்: கழித்தல் 17 மி.மீ. பக்கக்கோட்டில் ஓடும் பந்து முன்னவரின் தலைக்குப் பின்னால் மறைந்துவிடும். பழையபடி 90-ஐ எட்ட, படி உயரத்தை 42.5 செ.மீ. ஆக்க வேண்டும். சரிவு 21 டிகிரியிலிருந்து 28-க்குப் போகும். அந்தப் படிகளைச் சுமக்கும் சட்டகத்தையே புதிதாகப் போடாமல் அது நடக்காது.

பின்னால் வரிசைகளை நீட்டுவதிலும் இதே வினைதான். 91 மி.மீ. வந்த அதே சரிவில் இருபது வரிசை ஏறிப் பாருங்கள். கண்ணின் உயரம் 8 மீட்டர், தூரம் 24 மீட்டர், சி-மதிப்பு 32. மேலே போகப்போகச் சரிவு கூட வேண்டும். கூட்டிக்கொண்டே போகவும் முடியாது, 34 டிகிரிதான் உச்ச வரம்பு.

இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கேலரிகளில் ஒரு இருக்கைக்கு 70 செ.மீ. ஆழம், 46 செ.மீ. அகலம் என்ற அளவு இன்றும் உண்டு. புதிதாகக் கட்டும்போது 80-க்கு 50 தர வேண்டும் என்பது பரிந்துரை. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால், அதே இடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கை காணாமல் போகும். முழங்கால் இடிக்காமல் உட்கார அது கொடுக்கும் விலை.

### இடைக்கால வீடு

கட்டுமானச் செலவு திட்டத்தில் இருக்கும். வேறு ஊரில் ஆடும் ஆண்டுகளின் நஷ்டம் பல சமயம் இருக்காது. மைதான வாடகை, குறைந்த டிக்கெட் விற்பனை, ஆட்ட நாள் ஊழியர்களை இடம் மாற்றுவது, புல்லுக்கும் அறைகளுக்கும் பழகாத அணி, இத்தனையும் இதில் அடக்கம். திட்டத்தில் போட்டிருக்கும் மாதங்களோடு குறைந்தது ஒரு சீசனைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

### எந்த வகை இருக்கை

ஆர்சனல் 2006இல் ஹைபரியிலிருந்து எமிரேட்ஸுக்கு மாறியபோது 38,000 இருக்கை 60,000 ஆனது என்று எல்லோரும் சொல்வார்கள். பணக்கணக்கில் பெரிய வேறுபாடு நடு அடுக்கில்தான் இருக்கிறது. அந்த அடுக்கில் ஏறத்தாழ 7,000 இருக்கைகளும் 150 தனி அறைகளும் உயர்விலைக்குப் போகின்றன. புதுத் திட்டத்தில் எத்தனை இருக்கை சாதாரண விலைக்கு, எத்தனை விருந்தோம்பலுக்கு என்று பிரித்துக் கேளுங்கள்.

### புல்

கூரையும் உயரமும் கூடினால் முதலில் சாவது புல். 105-க்கு 68 மீட்டர் ஆடுகளம் என்றால் 7,140 சதுர மீட்டர். அதில் தெற்குக் கேலரியின் நிழல் விழும் பகுதி குளிர்காலத்தில் வெயிலையே பார்க்காது. மூலைகளையும் அடைத்துவிட்டால் காற்று ஓடாது, இலையில் ஈரம் காயாது, பூஞ்சை வரும்.

சான் சீரோவில் 1990 உலகக் கோப்பைக்காக மூன்றாவது அடுக்கையும் கூரையையும் ஏற்றிய பிறகு புல்தரை பல ஆண்டு தொல்லை கொடுத்தது. லண்டனில் 2007இல் திறந்த புதிய வெம்ப்ளி தேசிய அரங்கில் திரும்பத் திரும்பப் புல் மாற்றி, 2010இல் கலப்புத் தரைக்குப் போனார்கள். கலப்புத் தரை என்றால் 20 செ.மீ. செயற்கை இழையில் 18 செ.மீ.யை மண்ணுக்குள் தைத்து, 2 செ.மீ.யை வெளியே விடுவது. இழைக்கு இழை இடைவெளி 2 செ.மீ. இயற்கைப் புல்லின் வேர் அந்த இழைகளைப் பிடித்துக்கொள்ளும்; தரை பெயராது. ஆனால் கலப்புத் தரைக்கும் வெளிச்சம் வேண்டும். சக்கரம் வைத்த விளக்குச் சட்டங்களை மாதக்கணக்கில் எரியவிடும் மின்கட்டணம் எந்த விளம்பரப் படத்திலும் வராது.

### பத்திரம் யார் பெயரில்

மைதானம் கிளப்பின் சொத்தா, நகராட்சியுடையதா, உரிமையாளரின் வேறொரு நிறுவனத்துடையதா? கடன் யார் கணக்கில் ஏறுகிறது? ஆட்டம் இல்லாத நாள் வருமானம் யாருக்கு? இதற்கு ஒற்றை வரியில் விடை வராவிட்டால் கை தூக்காதீர்கள்.

## வழி 1: கேலரி கேலரியாகப் புதுப்பிப்பது

லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் இதற்கு ஆகச் சிறந்த பாடம். அது 1884இல் திறந்தபோது அங்கே ஆடியது எவர்டன். 1892இல் அவர்கள் வெளியேறிய பின்தான் லிவர்பூல் கிளப்பே பிறந்தது. அருகிலிருக்கும் ஸ்டான்லி பூங்காவில் புது மைதானம் கட்டும் திட்டம் பத்தாண்டு இழுத்து, 2012இல் கைவிடப்பட்டது. இருக்கும் இடத்திலேயே வளர்வது என்று முடிவானது.

வேலை நடந்த விதம் கவனிக்கத்தக்கது. பழைய மெயின் ஸ்டாண்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அதன் முதுகுக்குப் பின்னால் புது மேலடுக்கின் எஃகுச் சட்டகம் எழும்பியது. அதன் கூரையைத் தாங்கும் பெரிய உத்தரம் பழைய கேலரியின் தலைக்கு மேலே ஏறியது. 2016 மே மாதம் சீசன் முடிந்தவுடன் பழைய கூரையைக் கழற்றி, புது அடுக்கோடு கீழ்ப்பகுதியை இணைத்தார்கள். அந்த ஆண்டு லிவர்பூல் லீகின் முதல் மூன்று ஆட்டங்களை வெளியூரில் ஆடிவிட்டு, செப்டம்பரில் வீட்டுக்கு வந்தது. 8,500 இருக்கை கூடியது, செலவு சுமார் 11 கோடி பவுண்ட். கூடுதல் இருக்கை ஒன்றுக்கு 13,000 பவுண்ட் அளவில் வருகிறது. வேறு மைதானத்துக்கு வாடகை கொடுக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. பின்பக்கத் தெருவின் வீடுகளை வாங்கி இடிக்க வேண்டியிருந்தது. முடிவெடுக்காமல் இழுத்த ஆண்டுகளில் வாங்கிய வீடுகள் பூட்டிக் கிடந்து அந்தப் பகுதியே பாழானது. கிளப்புக்கு அக்கம்பக்கத்தில் கெட்ட பெயரும் வந்தது. ஐரோப்பியக் கோடை இடைவெளி பத்துப் பன்னிரண்டு வாரம்தான். அதற்குள் முடியாத வேலை அடுத்த கோடைக்குத் தள்ளிப்போகும். பழைய கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதைப் பிரிக்கவே சில வாரம் போகும். ஒப்பந்ததாரர் திவாலாவதும் உண்டு: ஆன்ஃபீல்ட் ரோடு பக்கத்தில் 7,000 இருக்கை சேர்க்கும் வேலை 2023இல் அப்படித்தான் பாதியில் நின்றது. வேறு நிறுவனங்கள் எடுத்து முடித்ததில், 2024இல்தான் முழுதாகத் திறந்து கொள்ளளவு 61,000-ஐத் தாண்டியது.

புதுப்பித்தாலும் தீராதவை சில உண்டு. கீழடுக்கின் பழைய சரிவும் குறுகிய உள்நடைகளும் அப்படியே இருக்கும். நான்கு பக்கமும் நான்கு காலத்துக் கட்டடங்களாக நிற்கும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் பராமரிக்கிறவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

பெரிய அளவில் புதுப்பித்தால் இந்த வழியின் முதல் நன்மையே போய்விடும். கேம்ப் நூவில் மூன்றாவது அடுக்கை முழுதாக இடித்து எழுப்பினார்கள். 99,354 பேர் கொள்ளும் வீட்டை விட்டு, 50,000 சொச்சம் கொள்ளளவும் நடுவில் தடகளப் பாதையும் உள்ள மான்ஜுயிக் ஒலிம்பிக் அரங்குக்கு 2023இல் பார்சிலோனா போனது. 2024 நவம்பரில் திரும்புவதாகத் திட்டம். திரும்பியது 2025 நவம்பர் 22 அன்று. அதுவும் 45,000 பேருக்குத்தான் அனுமதி. ரியல் மாட்ரிட் கிளப்பின் பெர்னபே மைதானத்தில் 57.5 கோடி யூரோ கடனோடு தொடங்கிய வேலை, பிறகு 22.5 கோடி, 37 கோடி என்று இன்னும் இரு கடன்களை இழுத்தது. ஆடுகளத்தையே தட்டுகளாகப் பிரித்து நிலத்தடிப் பசுமைக்கூடத்தில் இறக்கிவைக்கும் அமைப்பு அங்கே இருக்கிறது. இசை நிகழ்ச்சி வருமானத்தை எதிர்பார்த்துச் செய்தது. அண்டை வீட்டாரின் சத்தப் புகாரால் 2024 செப்டம்பரில் அந்த நிகழ்ச்சிகளே நிறுத்திவைக்கப்பட்டன.

## வழி 2: அதே இடத்தில் இடித்துக் கட்டுவது

டாட்டன்ஹாம் 1899 முதல் ஆடிய வைட் ஹார்ட் லேனை விட்டு 2017 மேயில் வெளியேறியது. அதற்கு முந்தைய கோடையிலேயே ஒரு மூலையை இடித்துவிட்டு, பழைய மைதானத்தை ஒட்டிப் புதியதன் ஒரு பகுதியை எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். வெம்ப்ளியில் ஒரு சீசன் ஆடிவிட்டு 2018 ஆகஸ்ட், செப்டம்பரில் திரும்புவதாக இருந்தது. பாதுகாப்பு அமைப்புகளில் கோளாறு கண்டுபிடித்ததால் வீடு திறந்தது 2019 ஏப்ரல் 3 அன்று. தீயணைப்பு எச்சரிக்கை, அவசர விளக்கு, அறிவிப்பு ஒலி எல்லாம் ஒன்றோடொன்று பேசி வேலை செய்கின்றன என்று நிரூபிக்காமல் எந்த அதிகாரியும் சான்றிதழ் தரமாட்டார். கான்கிரீட்டைக் காட்டிலும் கம்பி இழுப்பதில்தான் தாமதம் ஒளிந்திருக்கிறது என்பதை எந்தத் திட்டத்திலும் நினைவில் வையுங்கள்.

பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. 62,850 இருக்கை. தெற்கே ஒரே அடுக்கில் 17,500 பேர், 34 டிகிரி வரை போகும் சரிவில். புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து கேலரிக்கு அடியில் போக, கீழேயிருக்கும் செயற்கைத் தரையில் அமெரிக்கக் கால்பந்து நடக்கும். செலவு ஏறத்தாழ 100 கோடி பவுண்ட். கூடுதல் இருக்கை ஒன்றுக்கு என்று வகுத்தால் 37,000 பவுண்டுக்கு மேல். ஆன்ஃபீல்டோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் இங்கே பழைய 36,000 இருக்கைகளும் புதிதாகின என்பதால் இந்த வகுத்தலை முழு உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெம்ப்ளி தரும் பாடம் வேறு. 2000 அக்டோபரில் பழையதை மூடினார்கள். பணம் தேறாமல் 2002 வரை இடிக்கவே தொடங்கவில்லை. புதியது திறந்தது 2007இல். அங்கே குடியிருக்கும் கிளப் என்று எதுவும் இல்லாததால் தப்பித்தது. இங்கிலாந்து அணி ஊர் ஊராகப் போய் ஆடியது, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் ஆறு ஆண்டு கார்டிஃபில் நடந்தது. ஒரு கிளப்புக்கு இது தாங்காது. பணம் கையெழுத்தாகும் முன் கதவைப் பூட்டாதீர்கள்.

யுவென்டஸ் செய்ததோ எல்லோரும் போகும் திசைக்கு நேர் எதிர். 1990இல் கட்டிய டெல்லே ஆல்பி, தடகளப் பாதையோடு 69,000 பேர் கொள்ளும் அரங்கு. ஆடுகளம் எங்கோ தூரத்தில் தெரியும், கேலரிகள் காலியாகக் கிடக்கும். அதை இடித்து, அதே இடத்தில் 41,000 சொச்சம் இருக்கையோடு 2011இல் திறந்தார்கள். நிலம் நகரத்திடமிருந்து 99 ஆண்டு உரிமையில் வாங்கியது. மைதானம் சிறுத்தது, கூட்டமும் சத்தமும் கூடின. முதல் ஆட்டத்துக்கு அழைத்தது இங்கிலாந்தின் நாட்ஸ் கவுன்டி அணியை. யுவென்டஸின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை அங்கிருந்து வந்ததுதான்.

பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தால் ஸ்பெயினின் பில்பாவோ கிளப் போன வழி இருக்கிறது. 1913இல் திறந்த தங்கள் சான் மமேஸ் மைதானத்தை ஒட்டியே புதியதன் மூன்று பக்கங்களை எழுப்பினார்கள். 2013 மே வரை பழையதில் ஆட்டம். பிறகு அதை இடித்துக்கொண்டே செப்டம்பரில் மூன்று பக்கம் மட்டும் திறந்த புதியதில் ஆடினார்கள். பழைய மைதானம் நின்ற இடத்தில் நான்காவது பக்கம் 2014இல் முடிந்தது. ஓர் ஆட்டத்தைத் தவிர வேறு வீடு தேடி அலையவில்லை. நான்கு வழிகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் நிலம் அமைய வேண்டும்.

## வழி 3: புது இடத்தில் சொந்தமாக

ஆர்சனல் நகர்ந்தது அரை கிலோமீட்டர்தான். அதனால் ரசிகர்களின் ரயிலும் கடையும் நடையும் பெரிதாக மாறவில்லை. புதியது தயாராகும்வரை பழையதில் ஆடலாம் என்பது இந்த வழியின் பெரும் வசதி. விலையாகக் கொடுத்தது 39 கோடி பவுண்ட். அதன் கடன் பல ஆண்டுகள் புது ஆட்டக்காரர்களை வாங்குவதற்கான பணத்தைக் கட்டிப்போட்டது. ஹைபரியின் கிழக்கு கேலரி பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அதன் முகப்பை வைத்துக்கொண்டே அடுக்குமாடி வீடுகளாக மாற்றினார்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு போக்குவரத்து. எமிரேட்ஸின் வாசலிலேயே இருக்கும் ஹாலோவே ரோடு நிலத்தடி ரயில் நிலையம், கூட்டத்தைத் தாங்காது என்பதால் ஆட்ட நாளில் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். வரைபடத்தில் நிலையம் பக்கத்தில் இருப்பது வேறு. ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்தில் அது எத்தனை பேரை ஏற்றும் என்பது வேறு.

எவர்டன் 1892 முதல் ஆடிய குடிசனை விட்டு 2025இல் பிராம்லி-மூர் துறைமுகத்துக்கு மாறியது. 52,000-க்கு மேல் இருக்கை. முதலில் கப்பல் நின்ற நீர்ப்பரப்பைக் கடல் மணலால் நிரப்ப வேண்டியிருந்தது. துறைமுகப் பகுதியில் நடந்த கட்டுமானங்களால் லிவர்பூல் நகரம் 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இந்த மைதானமும் அதில் ஒரு காரணம்.

திறப்பு விழாவுக்கு முன் சோதனை ஆட்டங்கள் கட்டாயம் என்பதையும் காலக்கணக்கில் சேருங்கள். எவர்டன் 2025 பிப்ரவரியில் 18 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்கு 10,000 பேரை விட்டுப் பார்த்தது. மார்ச்சில் 25,000 பேர். சுழல் கதவு எவ்வளவு வேகமாக விடுகிறது, இடைவேளையில் எங்கே நெரிசல், எந்தக் கழிப்பறையில் தண்ணீர் அழுத்தம் விழுகிறது என்பதெல்லாம் ஆள் வந்தால்தான் தெரியும்.

ஒரு பழைய எச்சரிக்கையும் உண்டு. பிரைட்டன் கிளப்பின் கோல்ட்ஸ்டோன் மைதானம், மாற்று இடம் கையில் இல்லாமலே விற்கப்பட்டது. 1997இலிருந்து இரண்டு சீசன், சாலையில் 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் கில்லிங்ஹாமில் 'சொந்த' ஆட்டங்கள். பிறகு 2011 வரை ஒரு தடகள அரங்கில் தற்காலிகக் கேலரிகள். ஆக 14 ஆண்டு.

## வழி 4: இருக்கும் அரங்கில் வாடகைக்கு

மலிவாகத் தெரியும் வழி. மான்செஸ்டர் சிட்டிக்குப் பலித்தது, காரணம் எளிது. 2002 காமன்வெல்த் போட்டிகள் முடிந்ததும் தடகளப் பாதையைப் பெயர்த்து, தரையைக் கீழே இறக்கி, புதிதாகக் கீழடுக்கைச் சேர்த்தார்கள். 38,000 இருக்கை 48,000 ஆனது, ரசிகர்கள் கோட்டுக்கு அருகே வந்தார்கள். கட்டும்போதே கால்பந்துக்கு மாறும் என்று திட்டமிட்டதால்தான் அது நடந்தது.

வெஸ்ட் ஹாம் 2016இல் போன லண்டன் ஸ்டேடியத்தில் தடகளப் பாதை நிரந்தரம். அதற்கு மேலே உள்ளிழுக்கும் இருக்கைகளைப் போட்டுக் கோடையில் அகற்ற வேண்டும். 99 ஆண்டு குத்தகை, தொடக்கத்தில் ஆண்டு வாடகை 25 லட்சம் பவுண்ட். அரங்கை மாற்றியமைக்க ஆன 32.3 கோடி பவுண்டில் கிளப் தந்தது 1.5 கோடி. கிளப்பின் பணப்பைக்கு அருமையான பேரம். இருக்கைகளை நகர்த்தும் செலவே வாடகையைவிட அதிகமான ஆண்டுகள் உண்டு; அது பொதுப் பணம். ரசிகருக்குக் கிடைத்தது தூரம். தூரம் கூடினால் சி-மதிப்பு நன்றாகவே வரும், முன்னவரின் தலை மறைக்காது. ஆட்டக்காரரின் முகம்தான் தெரியாது.

வாடகைதாரரின் பெரிய ஆபத்து உரிமையாளரோடு வரும் சண்டை. கவன்ட்ரி 2005இல் சொந்த ஹைஃபீல்ட் ரோடை விட்டது. குடியேறிய அரங்கோடு தகராறு வந்ததால் 2013-14இல் நார்தாம்ப்டனிலும், 2019 முதல் 2021 வரை பர்மிங்காமிலும் ஆட நேர்ந்தது.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | கேலரி கேலரியாகப் புதுப்பிப்பு | அதே இடத்தில் இடித்து | புது இடம் | வாடகை அரங்கு |
|---|---|---|---|---|
| நிலத் தேவை | பின்பக்கத் தெரு | சுற்றிலும் கொஞ்சம் | முழு மனை | இல்லை |
| பார்வைக்கோடு | கீழடுக்கு பழையபடி | முழுதாகச் சரிசெய்யலாம் | முழுதாகச் சரிசெய்யலாம் | தடகளப் பாதை இருந்தால் சிக்கல் |
| இடைக்கால வீடு | பெரும்பாலும் வேண்டாம் | பெரும்பாலும் 1 முதல் 5 ஆண்டு | வேண்டாம், பழையதை முன்னரே விற்காதவரை | வேண்டாம் |
| கடன் | துண்டு துண்டாக | மிகப் பெரிது | பெரிது, பழைய மனை விற்பனை உதவும் | குறைவு |
| மறைந்திருப்பது | வீடுகள், ஆஸ்பெஸ்டாஸ், குறுகிய கோடை | திறப்புத் தாமதம், வெளியூர் சீசன்கள் | ரயில், சாலை, மண், சோதனை ஆட்டங்கள் | உரிமையாளர் தகராறு, கைக்கு வராத வருமானம் |
| எடுத்துக்காட்டு | ஆன்ஃபீல்ட் | டாட்டன்ஹாம், யுவென்டஸ் | எமிரேட்ஸ், எவர்டன் | லண்டன் ஸ்டேடியம் |

## எந்த நிலையில் எது

ஒரு பக்கமாவது பின்னால் 30, 40 மீட்டர் கிடைத்து, தேவை 10,000 இருக்கைக்குள் என்றால் வழி 1. இடம் கிடைக்காத பக்கத்தை விட்டுவிடுங்கள். ஓல்ட் டிராஃபோர்ட் அப்படித்தான் 74,000 வரை வளர்ந்தது. அதற்கு மேல் வேண்டும் என்றபோது, 2025இல் அருகிலேயே 1,00,000 இருக்கையோடு புதியது கட்டும் திட்டத்தை அறிவித்தார்கள்.

கீழடுக்கின் சரிவே தவறாக இருந்தாலோ, நடுவில் தடகளப் பாதை கிடந்தாலோ புதுப்பிப்பு பணவிரயம், இடித்துவிடுங்கள். அதற்கு முன் அதே நகரத்திலோ அருகிலோ மாற்று மைதானம் எழுத்தில் உறுதியாக வேண்டும், கூடுதலாக ஒரு சீசனுக்கு நீட்டிக்கும் உரிமையோடு. சராசரிக் கூட்டம் கொள்ளளவில் பாதியைத் தாண்டாத கிளப் யுவென்டஸைப் போலச் சிறிதாகக் கட்டலாம்.

நான்கு பக்கமும் வீடு, ரயில், தேவாலயம் என்றால் புது இடம்தான். ரயில் நிலையத்தை யார் செலவில் விரிவாக்குவது என்பது எழுதப்பட்ட பிறகு சம்மதியுங்கள்.

வாடகை வழி, தடகளப் பாதையை நிரந்தரமாக எடுக்க ஒப்புக்கொண்டால் மட்டும். உணவு விற்பனை, பெயர் உரிமை, விருந்தோம்பல் அறைகள் இவற்றில் கிளப்பின் பங்கு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கூட்டம் நிறைந்தாலும் கல்லா நிறையாது.

கூட்டத்தில் யாரும் கேட்காமல் விடும் கேள்வி இன்னொன்று உண்டு: பழைய மைதானத்தை என்ன செய்வது? குடிசனை இடிக்கத்தான் திட்டம் இருந்தது. 2025 மே மாதம் அதை மாற்றி, எவர்டன் பெண்கள் அணியின் வீடாக வைத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். அந்த ஆடுகளத்தின் ஓரங்களில் நூற்றுக்கணக்கான ரசிகர்களின் அஸ்தி புதைந்திருக்கிறது. இடித்திருந்தால் ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிப்பிடித்துப் பேச வேண்டியிருந்திருக்கும். இப்போதைக்கு அந்த வேலை இல்லை.